ஃபெடரல் விசாரணை வந்துவிட்டது, வெளியே என்ன சொல்வது? அமெரிக்காவில் தொழிலும் நடத்தும் வக்கீலுக்கு ஒரு முழு வழிகாட்டி

2019 மார்ச் 25, மதியம். கலிஃபோர்னியா வக்கீல் மைக்கேல் அவெனாட்டி ட்விட்டரில் ஓர் அறிவிப்புப் போட்டார். நாளை காலை 11 மணிக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு, நைக்கி நிறுவனம் சம்பந்தப்பட்ட பெரிய ஊழலை வெளியிடப்போகிறேன் என்று. சில நிமிடங்களில் நியூயார்க்கில் வைத்து அவரைக் கைது செய்தார்கள். நைக்கியை மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தார் என்பது நியூயார்க் வழக்கு. அதே நாளில் லாஸ் ஏஞ்சலஸில் இன்னொரு வழக்கும் வெளியே வந்தது. கட்சிக்காரர் பணத்தைக் கையாடினார், தன் வக்கீல் அலுவலகத்துக்கும் காபிக் கடை வியாபாரத்துக்கும் பொய் வரிக் கணக்கைக் காட்டி வங்கிக் கடன் வாங்கினார் என்று. 2020 பிப்ரவரியில் நியூயார்க் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது.

வக்கீல், கூடவே முதலாளி. இந்த இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் விசாரணைக் காலத்தில் ஆபத்து இரட்டிப்பு. வக்கீலுக்குப் பேசியே ஜெயித்துப் பழக்கம். முதலாளிக்கு வாடிக்கையாளர் ஓடிவிடுவார்களே என்ற பயம். இரண்டும் சேர்ந்து மைக்கைத் தேடிப்போக வைக்கும். வெளியே சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில், மிகக் கவனமாகப் படிக்கப்போகிறவர் அரசுத் தரப்பு வக்கீல்தான். இரண்டு வருடம் கழித்து ஜூரி முன்னால் ஒருவர் அதை உரக்க வாசித்தாலும் தாங்குமா என்று பார்த்துத்தான் ஒரு வாக்கியத்தை வெளியே விட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு சோதனையிலிருந்து பிறந்தவை. உங்கள் வழக்குக்கான ஆலோசனையை உங்கள் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். இதைப் படித்துவிட்டுப் போனால் சரியான கேள்விகளைக் கேட்கலாம்.

படி 1: நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள்?

ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசின்) அரசுத் தரப்பு ஆட்களை மூன்றாகப் பிரிக்கும்: சாட்சி, விசாரணை வளையத்துக்குள் இருப்பவர், இலக்கு. இலக்கு என்றால், உங்களைக் குற்றத்தோடு பிணைக்கும் கணிசமான ஆதாரம் இருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள் என்று பொருள். சில சமயம் கடிதமே வரும். வராவிட்டால் உங்கள் வக்கீல் அரசுத் தரப்புக்குப் போன் போட்டுக் கேட்கலாம். நீங்கள் போடக்கூடாது.

கிராண்ட் ஜூரி என்பது 16 முதல் 23 பேர் கொண்ட குழு. குற்றம் சாட்ட 12 பேர் ஒப்புக்கொண்டால் போதும். அங்கே நடப்பதை ஜூரர்களும் அரசு வக்கீல்களும் வெளியே சொல்லக்கூடாது. சாட்சிக்கு அந்தக் கட்டு பொதுவாகக் கிடையாது. அரசு வக்கீல்கள் வேலை செய்யும் நீதித்துறையும் (நீதிமன்றம் அல்ல) ஒரு விசாரணை நடக்கிறதா இல்லையா என்பதைப் பொதுவாக உறுதிசெய்யாது, மறுக்காது. ஆக, பல நேரங்களில் செய்தி வெளியே வராமலே இருக்கும். அப்படி இருந்தால் அதை முதலில் வெளியே சொல்பவர் நீங்களாக இருக்காதீர்கள். “வதந்தி பரவுவதற்கு முன் நாமே சொல்லிவிடலாம்” என்று யோசனை சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

படி 2: உங்களுக்கென்று ஒரு வக்கீல், கம்பெனிக்கு இன்னொருவர்

நீங்களே வக்கீல் என்பது இங்கே உதவாது. உங்கள் வழக்குக்கு நீங்களே வாய் திறந்தால், உங்கள் வாதம் உங்கள் வாக்குமூலமாகிவிடும். ஃபெடரல் பொருளாதாரக் குற்ற வழக்குகளையே தொழிலாகச் செய்பவரைப் பிடியுங்கள். முன்னாள் அரசுத் தரப்பு வக்கீல்கள் நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள். விவாகரத்து வழக்கில் கெட்டிக்காரரான கல்லூரித் தோழர் இதற்குத் தோதுப்படமாட்டார்.

கம்பெனிக்குத் தனி வக்கீல் வேண்டும். உங்கள் நலனும் கம்பெனி நலனும் ஒரு கட்டத்தில் பிரியலாம். அந்தக் கம்பெனி வக்கீல் ஊழியர்களிடம் விசாரிக்கும்போது “நான் கம்பெனிக்கு வக்கீல், உங்களுக்கு அல்ல” என்று முதலிலேயே சொல்ல வேண்டும். 1981-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அப்ஜான் வழக்கிலிருந்து வந்த வழக்கம் இது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மௌனமாக இருக்க அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் தரும் உரிமை உங்களுக்கு உண்டு, உங்கள் கம்பெனிக்குக் கிடையாது. 1974-ல் பெல்லிஸ் என்ற வக்கீல், தன்னுடைய மூன்று பங்குதாரர் அலுவலகத்தின் கணக்குப் புத்தகங்களை அந்த உரிமையைக் காட்டித் தரமறுத்தார். உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. அலுவலகக் காகிதம் அலுவலகத்தின் காகிதம். ஆகவே “எந்த ஆவணத்தையும் தரமாட்டோம்” என்று வெளியே மார்தட்டிவிட்டு, மறுவாரம் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் நிலை வரும்.

படி 3: முதல் நாள், அலுவலகத்துக்குள்

ரெய்டு என்றால் சாதாரணமாகக் காலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையில் வருவார்கள். வாரன்ட்டின் நகலையும் எடுத்துப்போன பொருள்களின் பட்டியலையும் வாங்கி வையுங்கள். எதைத் தேடுகிறார்கள் என்று வாரன்ட்டோடு இணைந்த பட்டியலில் எழுதியிருக்கும். விசாரணை எதைப் பற்றியது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் நம்பகமான தகவல் அது ஒன்றுதான். வெளியே என்ன சொல்லலாம் என்பதையும் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அன்றே எல்லா அழிப்பும் நிற்க வேண்டும். மின்னஞ்சல் தானாக அழியும் ஏற்பாடு, வாட்ஸாப்பில் மறையும் செய்திகள், வாராந்திரக் காகிதக் கிழிப்பு எல்லாம். ஃபெடரல் விசாரணையைத் தடுக்கும் நோக்கில் ஆவணத்தை அழித்தால் 20 வருடம் வரை தண்டனை உண்டு. விசாரிக்கப்படும் மூலக் குற்றத்துக்கு அவ்வளவு தண்டனை இல்லாமலும் இருக்கலாம்.

ஊழியர்களிடம் என்ன சொல்வது என்பதில்தான் முதலாளிகள் சறுக்குகிறார்கள். “யாரும் எஃப்பிஐயிடம் பேசக்கூடாது” என்று ஒரு குறுஞ்செய்தி போனால், சாட்சியைக் கலைத்ததாகத் தனி வழக்கு கிளம்ப அதுவே போதும். வக்கீல் பார்த்து ஒப்புக்கொண்ட குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அதிகாரிகள் உங்களிடம் பேச விரும்பலாம். பேசுவதும் பேசாமல் இருப்பதும் உங்கள் விருப்பம். வக்கீல் உடனிருக்க வேண்டும் என்று நினைத்தால் கேளுங்கள், ஏற்பாடு செய்கிறோம். பேசினால் உண்மையை மட்டும் பேசுங்கள். எந்தக் காகிதத்தையும் ஃபைலையும் மெசேஜையும் அழிக்காதீர்கள். பத்திரிகையாளர் அழைத்தால் இன்ன எண்ணுக்கு அனுப்புங்கள்.”

இந்தக் குறிப்பும் ஒருநாள் அரசுத் தரப்பின் கைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

வாசலில் நிற்கும் அதிகாரியிடம் நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு பொய்க்கு 5 வருடம் வரை சிறை. சத்தியப் பிரமாணம் எதுவும் தேவையில்லை. “என் வக்கீலிடம் பேசிக்கொள்ளுங்கள்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: பேசத்தான் வேண்டுமா?

பத்திரிகைக்குப் பொய் சொல்வது தன்னளவில் ஃபெடரல் குற்றம் இல்லை. இதை நம்பித்தான் பலர் துணிகிறார்கள். ஆனால் அந்தப் பொய் யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் நிறம் மாறும். பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனி என்றால் முதலீட்டாளர் படிக்கிறார். கடன் இருந்தால் வங்கி படிக்கிறது.

சமையல், வீட்டு அலங்காரம் என்று டிவியில் புகழ்பெற்று அதையே பெரிய கம்பெனியாக்கிய மார்த்தா ஸ்டூவர்ட்டின் வழக்கு இதற்குப் பாடப்புத்தகம். 2001 டிசம்பர் 27 அன்று இம்க்ளோன் என்ற மருந்துக் கம்பெனியில் தன்னிடமிருந்த பங்குகளை விற்றார். அதனால் அவர் தவிர்த்த நஷ்டம் சுமார் 45,000 டாலர். அவருடைய சொத்துக்கு அது தூசு. விசாரணை தொடங்கியதும், பங்கு 60 டாலருக்குக் கீழே போனால் விற்கச் சொல்லி முன்பே தரகரிடம் பேசிவைத்திருந்தேன் என்று அதிகாரிகளிடம் சொன்னார். 2002 ஜூனில் அதையே பொதுவெளியிலும் சொன்னார், முதலீட்டாளர்கள் கூடிய ஒரு மாநாட்டிலும் பேசினார். அரசுத் தரப்பு என்ன செய்தது தெரியுமா? தன் சொந்தக் கம்பெனியின் பங்கு விலை சரியாமல் தாங்கிப்பிடிக்கத்தான் ‘நான் நிரபராதி’ என்று சொன்னார் என்று அதையே தனிக் குற்றமாகச் சேர்த்துவிட்டது.

நீதிபதி மிரியம் சிடர்பாம் 2004 பிப்ரவரியில் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார் என்பது உண்மை. ஆனால் அதற்குள் அதைச் சுமந்துகொண்டே அவர் விசாரணை முழுவதையும் நடத்த வேண்டியிருந்தது. மிச்சக் குற்றச்சாட்டுகளில், அதாவது சதி, விசாரணைக்குத் தடங்கல், அதிகாரிகளிடம் பொய், மார்ச்சில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 5 மாதம் சிறை. உள்தகவல் வணிகம் (வெளியே தெரியாத தகவலை வைத்துப் பங்கு வாங்குவது, விற்பது) என்ற குற்றவியல் வழக்கு அவர் மேல் போடப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். விற்றதற்காகச் சிறை போகவில்லை, விளக்கம் சொன்னதற்காகப் போனார்.

நடுவில் 2002 ஜூனில் டிவி காலை நிகழ்ச்சி ஒன்றில் சமையல் பகுதி. முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் தொகுப்பாளர் இம்க்ளோன் பற்றிக் கேட்க, நான் என் சாலட்டைக் கவனிக்க விரும்புகிறேன் என்றார். ஊரே சிரித்தது. சட்டப்படி பார்த்தால் அந்தக் காலகட்டத்தில் அவர் வெளியே சொன்னதிலேயே பழுதில்லாத பதில் அதுதான் என்பேன். கேட்கும் கேள்வி தெரிந்திருந்தும் கேமரா முன் போய் நின்றதுதான் தப்பு.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பேசாமல் இருந்தால் தொழில் பிழைக்குமா? கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினத்தை உள்தகவல் வணிக வழக்கில் 2009 அக்டோபர் 16 அன்று கைது செய்தார்கள். பணக்காரர்களின் முதலீட்டை நிர்வகித்த அவருடைய கேலியன் ஃபண்டில் அப்போது சுமார் 370 கோடி டாலர் இருந்தது. நான் நிரபராதி என்று சுருக்கமாகச் சொன்னார். ஆனால் முதலீட்டாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்க, ஐந்தே நாளில், 21-ஆம் தேதி, ஃபண்டுகளை மூடப்போவதாக அறிவித்தார். ஒரே நாளில் வாடிக்கையாளர் வெளியேறக்கூடிய தொழிலை அறிக்கை காப்பாற்றாது. வக்கீல் அலுவலகமும் பாதி அப்படித்தான். கட்சிக்காரர் எப்போது வேண்டுமானாலும் வக்கீலை மாற்றலாம்.

ஆகவே முடிவுக்கு வரும் வழி இது: செய்தி வெளியே வந்துவிட்டதா? நீங்கள் வாய் திறக்காவிட்டால் நாளைக்கே விலகப்போகிறவர் யார்? அவரிடம் தனியாகப் பேசினால் போதாதா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் ‘போதும்’. முதலில் முக்கியக் கட்சிக்காரர்கள், பிறகு வங்கி, பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி. பாலிசியில் காலக்கெடு இருக்கும், நோட்டீஸ் தாமதித்தால் வக்கீல் செலவுக்குப் பணம் வராது. பத்திரிகை கடைசி.

படி 5: அறிக்கையை எழுதுவது

செய்தி வெளியே வந்துவிட்டது, ஏதாவது சொல்லியாக வேண்டும் என்றால், முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“எங்கள் நிறுவனம் எந்தத் தவறும் செய்யவில்லை. இது பழிவாங்கும் நடவடிக்கை. நாங்கள் விசாரணையின் இலக்கு இல்லை என்று அரசுத் தரப்பே தெரிவித்துள்ளது. முழு ஒத்துழைப்பு அளித்துவருகிறோம். கட்சிக்காரர் பணம் முழுவதும் பத்திரமாக இருக்கிறது.”

ஐந்து வாக்கியம், ஐந்து கண்ணிவெடி. ‘எந்தத் தவறும்’ என்றால் உங்கள் எல்லா ஊழியர்களுக்கும் சேர்த்து நீங்கள் ஜாமீன் நிற்கிறீர்கள். நாளைக்கு கணக்காளர் ஒருவர் ஒப்புக்கொண்டால் உங்கள் முதல் வாக்கியம் பொய்யாகிவிடும். ‘பழிவாங்கல்’ என்பது குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாத ஒரு வக்கீலைச் சீண்டுவது. ‘இலக்கு இல்லை’ என்பது இன்றைய நிலை. அடுத்த மாதம் மாறலாம், மாறினால் திருத்தம் போடுவீர்களா? ‘முழு ஒத்துழைப்பு’ என்று சொல்லிவிட்டுப் பிறகு பதில் சொல்ல மறுக்கும் உரிமையைப் பயன்படுத்தினால் தலைப்புச் செய்தி தானாக எழுதிக்கொள்ளும். கடைசி வாக்கியம்தான் மிகக் கொடியது. கட்சிக்காரர் பணத்தைத் தனியாக வைக்கும் ட்ரஸ்ட் அக்கவுண்ட் பற்றிய திட்டவட்டமான உறுதிமொழி அது. ஒரு டாலர் குறைந்தாலும் ஏமாற்றுக்கு ஆதாரம்.

தாங்கக்கூடிய வரைவு:

“செவ்வாய்க்கிழமை ஃபெடரல் அதிகாரிகள் நீதிமன்ற வாரன்ட்டுடன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். எங்களுக்குத் தெரிந்தவரை யார் மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. அலுவலகம் திறந்திருக்கிறது, வழக்குகளின் வாய்தாக்களில் மாற்றமில்லை. கட்சிக்காரர்கள் தங்கள் கோப்பைப் பற்றிக் கேட்க இந்த எண்ணை அழைக்கலாம். விசாரணை குறித்த கேள்விகளை எங்கள் வக்கீலிடம் கேட்கவும்.”

சப்பென்று இருக்கிறதா? அப்படித்தான் இருக்க வேண்டும். ‘எங்களுக்குத் தெரிந்தவரை’ ஏன் என்றால், ரகசியமாக முத்திரையிட்ட குற்றப்பத்திரிகை ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருக்கலாம். நிரபராதி என்று சொல்லியே ஆக வேண்டும் என்றால் உங்கள் வக்கீல் ஒரே வரியில் சொல்லட்டும், காரணம் சொல்லாமல். மறுப்பு வேறு, விளக்கம் வேறு. மார்த்தாவை விளக்கம்தான் கவிழ்த்தது.

ஃபெடரல் சாட்சிய விதிப்படி உங்கள் வாயிலிருந்து வந்ததை உங்களுக்கு எதிராகக் கொண்டுவரத் தடை இல்லை. நீங்கள் அமர்த்திய பேச்சாளர் சொன்னதும் அதில் அடங்கும். அதே பேச்சை உங்களுக்குச் சாதகமாக நீங்கள் கொண்டுவரப் பார்த்தால் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது.

படி 6: பிஆர் ஆள், குடும்ப வாட்ஸாப் குழு

பிஆர் (மக்கள் தொடர்பு) ஆலோசகர் வேண்டுமென்றால் உங்கள் வக்கீல்தான் அவரை அமர்த்த வேண்டும், ஒப்பந்தமும் வக்கீல் பெயரில். அப்போதுகூட ரகசியம் காக்கப்படும் என்பது நிச்சயமில்லை. 2000-ல் கால்வின் கிளைன் சம்பந்தப்பட்ட வழக்கில் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பை மறுத்தது. 2003-ல் அதே நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி, வக்கீலே அமர்த்திய பிஆர் கம்பெனிக்குப் பெருமளவு கொடுத்தார். ஆகவே உண்மையில் நடந்தது என்ன என்பதை பிஆர் ஆளிடம் சொல்லவே சொல்லாதீர்கள். வாக்கியத்தைச் செதுக்க அது தேவையில்லை.

குடும்பம் இன்னும் நுட்பமான விஷயம். மார்த்தா ஸ்டூவர்ட் நடந்ததை விவரித்துத் தன் வக்கீலுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். மறுநாள் அதையே மகளுக்கும் அனுப்பினார். அந்தக் கணமே வக்கீல்–கட்சிக்காரர் ரகசியம் போய்விட்டது என்றார் நீதிபதி. வழக்குத் தயாரிப்புக் குறிப்பு என்ற வேறொரு பாதுகாப்பால்தான் அது தப்பியது. கணவன் மனைவிக்குள் தனியாகப் பேசியதற்குப் பொதுவாகப் பாதுகாப்பு உண்டு. பிள்ளைகள், அண்ணன் தம்பி, மதுரையிலிருந்து பதறிப்போய்க் கூப்பிடும் சித்தப்பா, இவர்களிடம் பேசியதற்குக் கிடையாது. “வக்கீல் பார்த்துக்கொள்கிறார், நான் நன்றாக இருக்கிறேன்” என்பதற்கு மேல் வாய்ஸ் நோட் எதற்கு?

படி 7: வக்கீல் என்பதால் வரும் தனிக் கட்டுகள்

உங்கள் மேல் வரும் குற்றச்சாட்டுக்கு எதிராக உங்களைக் காத்துக்கொள்ள, கட்சிக்காரர் ரகசியத்தைத் தேவையான அளவுக்கு மட்டும் வெளியிட வக்கீல் ஒழுக்க விதி இடம் தருகிறது. அந்த இடம் வழக்குக்குள், பொருத்தமான மன்றத்தில். இணையத்தில் யாரோ திட்டினார் என்பதற்காகக் கட்சிக்காரர் கோப்பைத் திறக்க அது உதவாது என்று அமெரிக்க பார் அசோசியேஷன் (வக்கீல்கள் சங்கம்) 2021 ஜனவரியில் தெளிவாகவே சொன்னது. டிவி பேட்டிக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு பற்றி வெளியே பேசுவதற்கு எல்லை என்ன என்பதை 1991-ல் ஜென்டைல் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது. லாஸ் வேகஸ் வக்கீல் டொமினிக் ஜென்டைல், தன் கட்சிக்காரர் மேல் குற்றச்சாட்டு பதிவான சில மணி நேரத்தில் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். ஆறு மாதத்தில் கட்சிக்காரர் விடுதலையானார். இவர் மேல் நெவாடா பார் நடவடிக்கை எடுத்தது. 5-க்கு 4 என்று தீர்ப்பு: நெவாடா விதி தெளிவில்லாதது, நடவடிக்கை செல்லாது. ஆனால் வழக்கைப் பாதிக்கும் கணிசமான வாய்ப்புள்ள பேச்சுக்காக வக்கீலைத் தண்டிக்கலாம் என்ற அளவுகோல் நின்றுவிட்டது. ஜென்டைல் கட்சிக்காரருக்காகப் பேசியவர். தனக்காகவே பேசும் வக்கீலின் பேச்சைக் குற்றவியல் நீதிமன்றமும் பார்க்கும், பாரும் பார்க்கும்.

படி 8: மைக் முன்னால் நின்றுவிட்டால்

2018 ஏப்ரல் 9 அன்று டிரம்ப்பின் சொந்த வக்கீலாக இருந்த நியூயார்க் வக்கீல் மைக்கேல் கோஹனின் வீடு, அலுவலகம், ஹோட்டல் அறை மூன்றிலும் எஃப்பிஐ நுழைந்தது. டாக்ஸி உரிமங்களிலும் பணம் போட்டிருந்தவர் அவர். மறுநாள் சிஎன்என்னிடம், வந்த அதிகாரிகள் மிகக் கண்ணியமாக, மரியாதையாக நடந்துகொண்டார்கள் என்றார். அந்த வாக்கியத்தில் வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நல்ல பதில். கைப்பற்றிய காகிதங்களில் எது கட்சிக்காரர் ரகசியம் என்று பிரிக்க நீதிமன்றம் ஒரு முன்னாள் நீதிபதியை நியமித்ததும் அவர் தரப்பு நீதிமன்றத்துக்குள் போராடியதால் கிடைத்தது, டிவியில் பேசியதால் இல்லை.

அதே கோஹன் அதற்கு முந்தைய வருடம், டிரம்ப் நிறுவனத்தின் மாஸ்கோ கட்டடத் திட்டம் 2016 ஜனவரியோடு முடிந்தது என்று காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) குழுவுக்கு எழுதிக் கொடுத்து, பத்திரிகைகளுக்கும் வெளியிட்டிருந்தார். அது பொய் என்று 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டார். குற்றம் காங்கிரஸிடம் சொன்ன பொய். பத்திரிகைக்குக் கொடுத்த பிரதியும் அரசுத் தரப்பின் ஆவணத்தில் இடம்பிடித்தது.

சாம் பேங்க்மன்-ஃப்ரீட் வக்கீல் இல்லை, சட்டப் பேராசிரியர்களின் மகன். அவருடைய கிரிப்டோ நாணயச் சந்தையான எஃப்டிஎக்ஸ் கவிழ்ந்த பிறகு 2022 நவம்பர் 30 அன்று நியூயார்க் டைம்ஸ் மேடையில், நீங்கள் பேசுவது நல்லது என்று உங்கள் வக்கீல்கள் நினைக்கிறார்களா என்று கேட்டார்கள். இல்லவே இல்லை என்றார், தொடர்ந்து பேசினார். டிசம்பர் 12 அன்று கைது. 2023 விசாரணையில் அந்தப் பேட்டிகளை வைத்தே அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். தண்டனை 25 வருடம்.

நீதிமன்ற வாசலில் மாட்டிக்கொண்டால் “வக்கீல் பேசுவார், வணக்கம்” என்று நடையைக் கட்டுங்கள். முகத்தை மறைத்து ஓடவேண்டாம். அந்தப் படம்தான் அச்சாகும்.

படி 9: குற்றப்பத்திரிகை வந்தால், வராவிட்டால்

வந்துவிட்டால் ஆட்டத்தின் விதி மாறும். உள்ளூர் நீதிமன்ற விதிகள் பேச்சைக் கட்டுப்படுத்தும், நீதிபதி வாய்ப்பூட்டு ஆணையும் போடலாம். 2019 பிப்ரவரியில் டிரம்ப்பின் பழைய அரசியல் ஆலோசகர் ரோஜர் ஸ்டோன் தன் வழக்கின் நீதிபதி படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார், பக்கத்தில் துப்பாக்கிக் குறி போன்ற ஓர் அடையாளத்தோடு. சில நாளில் வழக்கு பற்றி வெளியே பேசவே கூடாது என்று உத்தரவு வந்தது.

வராமலும் போகலாம். அப்போது ‘நீங்கள் சுத்தம்’ என்று யாரும் சான்றிதழ் தரமாட்டார்கள். பெரும்பாலான ஃபெடரல் குற்றங்களுக்குக் காலவரம்பு 5 வருடம், வங்கி மோசடிக்கு 10. வழக்கு தொடரவில்லை என்று அரசுத் தரப்பு கடிதம் தரக் கட்டாயம் இல்லை, ஆனால் உங்கள் வக்கீல் கேட்டுப்பார்க்கலாம். கிடைத்தால் அதன் வாசகத்தை அப்படியே சொல்லுங்கள். ‘இப்போதைக்குத் தொடரவில்லை’ என்று எழுதியிருப்பதை ‘நிரபராதி என்று அறிவித்தார்கள்’ ஆக்கிவிடாதீர்கள். இணையதளத்தில் போட்ட பழைய அறிக்கையை அப்போது எடுத்துவிடலாம். எடுப்பதற்கு முன் தேதியோடு ஒரு நகல் உங்கள் வக்கீலின் கோப்புக்குப் போகட்டும்.